கொய்யா மரத்துல ஏறுன புள்ளைய இறக்கி விடணுமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். சென்னையில அபார்ட்மெண்ட்ல இருந்தோம், வீட்டுக்காரர் சிங்கப்பூர் போனதும் ரெண்டு புள்ளைகளோட காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல மாமியார் வீட்டுக்கே வந்துட்டேன். பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 6. வந்த புதுசுல வாசல தாண்டாத புள்ளைக இப்ப அக்கம்பக்கத்து பசங்களோட சேந்து கொய்யா மரம், மதில் சுவர், டயர் வண்டின்னு ஒரு இடத்துல நிக்கிறதில்ல. போன மாசம் பையன் மரத்துல இருந்து விழுந்து தாடையில மூணு தையல். அதுல இருந்து அவங்க அப்பா தினமும் போன்ல சத்தம், வெளிய விடாதன்னு. மாமியாரு பையன விட்டாலும் விடுவாங்க, பொட்டப்புள்ளைக்கு என்ன மரம் வேண்டிக்கெடக்குன்னு அவள மட்டும் புடிச்சு உக்கார வைக்கிறாங்க. இப்ப ரெண்டும் டேப்லெட்டும் கையுமா பட்டாலையில கெடக்குதுங்க. பையன் மரத்துக்கிட்ட போகவே யோசிக்கிறான். எனக்கு விடணும்னும் இருக்கு, பயமாவும் இருக்கு. பக்கத்துலயே ஊருணி வேற. எதுவரைக்கும் விடலாம்?

பதில்: வணக்கம் தங்கச்சி. விடலாம். மரமும் விடலாம், டயர் வண்டியும் விடலாம், மண்ணுல கட்டிப் புடிச்சு உருள்றதையும் விடலாம், ரெண்டு புள்ளைகளையும் விடலாம். ஊருணிக்கு மட்டும் விட முடியாது, அது வேற கணக்கு, கீழ தனியா சொல்றேன்.

முதல்ல அவன் விழுந்தது. புள்ள முகத்துல ரத்தத்த பாத்தா எந்த அம்மாவுக்கும் கை கால் ஓடாது, எனக்கு தெரியும். முகத்துல ரத்த ஓட்டம் ஜாஸ்திங்கிறதால சின்ன வெட்டுக்கே சட்டை நனைஞ்சுரும், அதே காரணத்தாலதான் முகத்து காயம் வெரசா ஆறியும் போயிரும். தையலுக்கு நான் கவலைப்படல. நீங்க போற போக்குல எழுதுன ஒரு வரி, மரத்துக்கிட்ட போகவே யோசிக்கிறான்னு, அதுக்குத்தான் கவலைப்படுறேன்.

விழுந்ததால வந்த பயம்னு நினைச்சிருப்பீங்க. நியூசிலாந்துல டுனேடின்னு ஒரு ஊரு, அங்க 1972, 73ல பொறந்த ஆயிரத்து சொச்சம் புள்ளைகள பொறந்ததுல இருந்து விடாம பாத்துட்டு வர்றாங்க. அவங்களுக்கு 18 வயசு ஆனப்ப யாருக்கெல்லாம் உயரம்னா பயம்னு கேட்டு, சின்ன வயசுல விழுந்து அடிபட்ட கணக்கோட சேத்து பாத்தாங்க. விழுந்தவங்கதான் பயந்து போயிருப்பாங்கன்னு எல்லாரும் எதிர்பாப்போம் இல்லையா, ஆனா 5 வயசுல இருந்து 9 வயசுக்குள்ள விழுந்து பலமா அடிபட்டவங்க உயரத்துக்கு பயமில்லாதவங்க பக்கம்தான் அதிகமா இருந்தாங்க. விழுறது நல்லதுன்னு இத வச்சு சொல்லல, ஏறுற புள்ளதான் விழும், ஏறுற புள்ளைக்குத்தான் உயரமும் பழகும், அவ்வளவுதான். உங்க பையன் விஷயத்துல என் கணிப்பு என்னன்னா, விழுந்த பயம் தானா போயிருக்கும், ஆனா அது போறதுக்குள்ள உள்ள உக்கார வச்சு தினமும் விழுந்துருவ விழுந்துருவன்னு காதுல போட்டு, பெரியவங்க பயத்த அவன் தன்னோட பயமா எடுத்துக்கிட்டான்.

ஒரு மரத்துல ஏறும்போது புள்ளைக்குள்ள என்னதான் நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சாத்தான் உங்க வீட்டுக்காரர்கிட்ட தைரியமா பேச முடியும். காதுக்குள்ள பேலன்ஸுக்குன்னு ஒரு உறுப்பு இருக்கு, தல சாயறப்ப திரும்புறப்ப அதுதான் மூளைக்கு தகவல் சொல்லும். தசையிலயும் மூட்டுலயும் இருக்கற நரம்பு, கை எங்க இருக்கு, கால் எவ்வளவு அழுத்துதுன்னு கண்ணால பாக்காமலே சொல்லும். இது ரெண்டும் உக்காந்த இடத்துல வளராது, ஆடணும் தொங்கணும் தாவணும். பார்க்குல இருக்கற ஏணில எல்லா படிக்கும் ஒரே இடைவெளி, நாலு தடவ ஏறுனா அஞ்சாவது தடவ யோசிக்கவே வேணாம். கொய்யா மரத்துல ஒரு கிளை மாதிரி இன்னொரு கிளை இருக்காது, இது தாங்குமா, எட்டுமா, இறங்கும்போது கால எங்க வைக்கறதுன்னு ஒவ்வொரு எட்டுக்கும் யோசிச்சே ஆகணும், அதுவும் நெஞ்சு படபடன்னு அடிக்கும்போது. பயமா இருக்கு ஆனா முடியும், பயமா இருக்கு இத்தோட இறங்கிரணும், இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த உடம்பால தெரிஞ்சுக்கிறது இங்கதான். நாளைக்கு 18 வயசுல பைக் சாவி கைக்கு வரும்போது அந்த வித்தியாசம் தெரியாம போனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

நார்வேல எல்லன் சாண்ட்செட்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர், புள்ளைக தானா தேடிப் போற ரிஸ்க்கான விளையாட்ட பக்கத்துல இருந்து பாத்து 2007ல ஆறு வகையா பிரிச்சாங்க, உயரம், வேகம், கத்தி சுத்தியல் மாதிரி கருவி, தண்ணி நெருப்பு மாதிரி ஆபத்தான இடம், கட்டிப் புரண்டு சண்டை, பெரியவங்க கண்ணுல படாம ஒளியறது. இத படிக்கிற நம்ம ஊருக்காரங்க யாருக்கும் புதுசா இருக்காது, மரக்குரங்கு, டயர் வண்டி, பம்பரத்துக்கு ஆணி அடிக்கிறது, சடுகுடு, ராத்திரி கரண்ட் போன நேரத்து கண்ணாமூச்சி, எல்லாம் அதுக்குள்ள வந்துருது. அவங்களே 2011ல இன்னொருத்தரோட சேந்து எழுதுன கட்டுரைல ஒரு கருத்து வச்சாங்க, சின்னப் புள்ளைக்கு உயரம் தண்ணி இதுக்கெல்லாம் இயற்கையாவே ஒரு பயம் இருக்கு, அது அந்த வயசுல காப்பாத்துற பயம், வளர வளர கொஞ்சம் கொஞ்சமா விளையாட்டுல அத தொட்டுத் தொட்டு புள்ளையே கரைச்சுக்கும், கரைக்க விடலைன்னா அது தேவையில்லாத வயசுலயும் பதட்டமா ஒட்டிக்கிட்டு நிக்கும்னு. 2015ல கனடால மரியானா புருசோனிங்கிறவங்க குழு அதுவரைக்கும் வந்த ஆய்வுகள ஒண்ணா தொகுத்துப் பாத்தப்பவும் உடம்பு அசைவு, மத்த புள்ளைகளோட பழகறதுன்னு மொத்தத்துல நல்ல பக்கம்தான் கனமா இருந்துச்சு. 2024 ஜனவரில கனடா குழந்தை மருத்துவர்கள் சங்கமே, இந்த மாதிரி வெளி விளையாட்டுக்கு புள்ளைகளுக்கு இடம் குடுங்கன்னு அறிக்கையே விட்டுருச்சு. ஸ்டிச் போடறதும் மாவுக்கட்டு போடறதும் எங்க வேலை, அப்படிப்பட்ட நாங்களே விடுங்கன்னு சொல்றோம்னா அதுல அர்த்தம் இல்லாம இருக்காது.

ஆனா ஒண்ணு. புள்ளை பாத்து எடை போடக்கூடிய ஆபத்து ஒண்ணு, புள்ளை கண்ணுக்கே தெரியாத ஆபத்து இன்னொண்ணு. கிளை எவ்வளவு உசரம்னு அவனுக்கு தெரியும். அந்தக் கிளைக்கு பின்னால கரண்ட் கம்பி போகுதுன்னு தெரியாது. முதல் வகைய அவங்கிட்ட விட்டுரணும், ரெண்டாவது வகைய நாம தேடிப் போய் எடுக்கணும். பெரும்பாலான வீட்டுல இது தலைகீழா நடக்குது, மரத்துல ஏறுனா கத்துறாங்க, பின்கட்டு கெணத்துக்கு மூடி இருக்காது.

செட்டிநாட்டு பழைய வீட்டுல இந்த ரெண்டாவது வகை நெறையவே இருக்கு, அதனால ஒரு நாள் காலைல மாமியாரையும் கூட்டிக்கிட்டு வீட்ட முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு சுத்து சுத்துங்க. கெணத்துக்கு கம்பி மூடி போட்டு பூட்டணும், இது முதல் வேலை, இந்த வாரமே. ஓட்டு மேல ஏறக்கூடாது, பழைய நாட்டு ஓடு கால் வச்சதும் உடையும், அடில கரையான் அரிச்ச கட்டை இருந்தா அது பெரியவங்களுக்கே தெரியாது. மாடில இருந்து முற்றத்து மேல போட்டிருக்கற இரும்புக் கம்பி மேல நடக்கறது ஒரு வீர விளையாட்டா சில வீடுகள்ல நடக்கும், அந்தக் கம்பி எத்தனை வருஷமா துருப்புடிச்சு கெடக்குன்னு யாருக்கும் தெரியாது, அது கண்டிப்பா கூடாது. வருஷக்கணக்கா பூட்டிக் கெடக்கற பக்கத்து வீடுகளுக்குள்ள பூந்து வெளயாடறதும் கூடாது, இடிஞ்ச சுவரும் பாம்பும் ரெண்டும் அங்கதான். ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரை ஈரமானா வழுக்கும், கழுவி விட்ட நேரத்துல உள்ள ஓட்டப்பந்தயம் வேணாம், வேணும்னா தெருவுல ஓடட்டும்.

மரத்துக்கும் கொஞ்சம் வேலை இருக்கு. கொய்யா நல்ல மரம், கிளை வளையும், லேசுல முறியாது, ஆனா பட்டை வழவழன்னு இருக்கும், மழை பெஞ்ச அன்னைக்கு வேணாம். புளியும் நல்லா தாங்கும். முருங்கைல மட்டும் ஏற விடவே விடாதீங்க, பாக்க தடியா இருக்கும், சத்தமில்லாம ஒடிஞ்சுரும். மாமரத்துல முசுறு கூடு இருக்கான்னு பாத்துக்கோங்க, கடி தாங்காம கைய விட்டுரும் புள்ளை. மரத்தடில கெடக்கற அம்மிக்கல்லு, ஓட்டுச் சில்லு, கம்பி எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டு மண்வெட்டியால செம்மண்ண கொத்தி பொலபொலன்னு விடுங்க. எவ்வளவு உசரத்துல இருந்து விழறான்ங்கிற அளவுக்கு எதுமேல விழறாங்கிறதும் முக்கியம், சிமெண்ட் தளம்னா சின்ன உசரமே தலைக்கு ஆபத்து. கழுத்துல தாயத்துக் கயிறு, செயின், துப்பட்டா எது இருந்தாலும் கழட்டிட்டு ஏறணும், கிளைல மாட்டி கழுத்த இறுக்கிரும், இத பலபேர் யோசிக்கிறதே இல்ல. செருப்பு வேணாம், வெறுங்கால்தான் நல்லா பிடிக்கும்.

அப்புறம் நீங்க தூக்கி ஏத்தி விடக்கூடாது. தானா எவ்வளவு ஏற முடியுதோ அவ்வளவுதான் அன்னைக்கு அவன் உசரம், கீழ் கிளைல உக்காந்துட்டு இறங்குனாலும் சரிதான். ரெண்டு கை ரெண்டு கால்ல எப்பவும் மூணு புடிச்சிருக்கணும், ஒண்ணுதான் நகரணும், இத ஒரு தடவ சொல்லிக் குடுத்தா போதும். பாத்து பாத்து, விழுந்துருவன்னு கத்தாதீங்க, அதுல புள்ளைக்கு ஒரு தகவலும் இல்ல, மரத்துல இருக்கற புள்ள உங்கள திரும்பிப் பாக்கும், அதுதான் ஆபத்து. அதுக்கு பதிலா அந்தக் கிளை காஞ்சிருக்கா பாரு, அடுத்த கால் எங்க வைக்கப்போறன்னு கேளுங்க. முடியலைன்னா வாய மூடிக்கிட்டு நில்லுங்க, அது கஷ்டம்தான். உங்க பையன இப்ப மரத்துக்கு கூப்பிடவே வேணாம். டேப்லெட்ட சாயங்காலம் எடுத்து வச்சுட்டு மரத்தடில பாய விரிச்சு நீங்க பூவோ கீரையோ ஆஞ்சுக்கிட்டு உக்காருங்க, பக்கத்து வீட்டு புள்ளைக ஏறும், அவன் பாப்பான், ஒரு நாள் தானா கால வைப்பான். ஏண்டா ஏறலன்னும் கேக்காதீங்க, ஏறுனதும் ஆகா ஓகோன்னும் வேணாம்.

இப்ப ஊருணி. நம்ம பக்கத்து ஊருணியும் கண்மாயும் புள்ளை எடை போடற ஆபத்து இல்ல, ஏன்னா மேல இருந்து பாத்தா எல்லா தண்ணியும் ஒண்ணுதான். படிக்கட்டுல பாசி, அதுக்கு கீழ காலு இறங்குற சேறு, கண்மாய்ல மண்ணு அள்ளுன குழி, முட்டி ஆழத்துல நிக்கிற புள்ள அடுத்த எட்டுல தலைக்கு மேல போயிரும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் அந்தக் குழி இருக்கறதே தெரியாது. இன்னொண்ணு, முங்குற புள்ள கத்தாது. மூச்சு விடவே வாய் தண்ணிக்கு மேல நிக்காதப்ப எங்க கத்துறது, சத்தமில்லாம ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுரும், பத்தடி தூரத்துல துணி தொவைக்கிறவங்களுக்கு தெரியாது. அதனால நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க கை எட்டுற தூரத்துல இல்லாம தண்ணிப் பக்கம் கூடவே கூடாது, இதுல பேரமே இல்லன்னு ரெண்டு புள்ளைகளுக்கும் சொல்லிருங்க, மத்த எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற அம்மா ஒண்ணுக்கு மட்டும் வேணாம்னு சொன்னா புள்ளைக கேக்கும், எல்லாத்துக்கும் வேணாம்னு சொன்னா எதையும் கேக்காது.

அதோட நிறுத்திராதீங்க, நீச்சல் கத்துக்குடுங்க, ரெண்டு பேருக்கும். ஆறு வயசுக்கு மேல நீச்சலும் தண்ணில எப்படி பத்திரமா இருக்கறதுன்னும் சொல்லிக் குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அந்தக் காலத்துல சுரைக்குடுக்கைய முதுகுல கட்டி கெணத்துல இறக்குவாங்க, இப்ப நல்லா நீச்சல் தெரிஞ்ச தாய்மாமாவோ சித்தப்பாவோ வர்ற கோடை லீவுல ஆரம்பிக்கலாம். இன்னொரு பாடமும் சேத்து சொல்லுங்க, யாராவது முங்குனா பின்னாலயே குதிக்கக் கூடாது. ஒருத்தன காப்பாத்தப் போய் இன்னொருத்தனும் போறது நம்ம மாவட்டங்கள்ல பேப்பர்ல அடிக்கடி வர்ற செய்திதான். கத்தணும், துண்டையோ கம்பையோ நீட்டணும், காலி பிளாஸ்டிக் குடம் மிதக்கும், அத தூக்கிப் போடணும். வெளிய எடுத்தவங்க புள்ளைய தலைகீழா தூக்கி சுத்தறது, வயித்த அமுக்கி தண்ணி எடுக்கறதெல்லாம் செய்யக்கூடாது, மூச்சு இல்லைன்னா உடனே வாயோட வாய் வச்சு மூச்சு குடுக்கணும், நெஞ்ச அமுக்கணும், 108க்கு போன் பண்ணனும். இத எப்படி செய்யறதுன்னு உங்க தெருவுல ரெண்டு பேராவது முறையா கத்துக்கணும், நீங்களே ஆரம்பிச்சு வைங்க.

பொண்ணு விஷயம். மாமியார குத்தம் சொல்லல, அவங்க வளந்த விதம் அப்படி, ஆனா இது மாமியாருக்கு மட்டும் உள்ள குணம் இல்ல. கனடால 2, 3, 4 வயசு புள்ளைகள ஒரு கம்பத்துல சறுக்கி இறங்கச் சொல்லி அப்பா அம்மா எப்படி சொல்லிக் குடுக்கறாங்கன்னு பாத்தாங்க, ஆம்பளைப் புள்ள பொம்பளைப் புள்ள ரெண்டுக்கும் திறமை ஒண்ணுதான், ஆனா பொம்பளைப் புள்ளைகளத்தான் ஜாஸ்தியா கை குடுத்து தாங்கிப் புடிச்சாங்க. நம்மளும் அப்படித்தான் செய்யறோம், தெரியாமலே. உங்க பொண்ணுக்கு இப்ப 6, வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி இருக்கற இந்த சில வருஷத்துல குதிச்சு தாவி ஓடுனாத்தான் எலும்பு கெட்டியாகும், பின்னாடி அறுபது வயசுல எலும்பு முறியறதுல பொம்பளைங்கதான் அதிகம், மாமியாருக்கே மூட்டும் இடுப்பும் எப்படி இருக்குன்னு கேட்டு இத சொல்லிப் பாருங்க, புரிஞ்சுக்குவாங்க. பாவாடைக்கு உள்ள ஒரு ஷார்ட்ஸ் போட்டு விடுங்க, பாதி ஆட்சேபணை அதுலயே போயிரும். மீதி பாதிக்கு நீங்கதான் நிக்கணும் தங்கச்சி, அவ அண்ணன் ஏறும்போது இவ கீழ நின்னு பாத்தா, தன்னால முடியாதுன்னு இந்த வயசுலயே முடிவு பண்ணிருவா, அத பின்னாடி மாத்தறது ரொம்ப கஷ்டம்.

பசங்க கட்டிப் புரள்றத பாத்து ஓடாதீங்க. மூஞ்சி சிரிச்சிருக்கா, மேல இருக்கறவன் கொஞ்ச நேரத்துல கீழ வர்றானா, முடிஞ்சதும் ஒண்ணாவே திரியறாங்களா, அப்ப அது விளையாட்டு. ஒருத்தனே அழுதா மட்டும் போங்க.

வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு விஷயம் சொல்லலாம், கண்ணாடி. சீனால குவாங்சோ ஊர்ல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகள ஸ்கூல் நாள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டுப் பாத்தாங்க, மூணு வருஷத்துல கிட்டப்பார்வை புதுசா வந்தது அவங்கள்ல 30 சதவீதம், வெளிய விடாத ஸ்கூல்ல கிட்டத்தட்ட 40 சதவீதம். தூரத்துல இருக்கற அப்பாவுக்கு பயம் ஜாஸ்தியா இருக்கறது நியாயம்தான், அவரால ஓடி வர முடியாது, போன்ல மூணு தையல்னு கேட்டவர் என்னென்ன கற்பனை பண்ணியிருப்பாரோ. கெணத்துக்கு மூடி போட்டது, மரத்தடி மண்ண கொத்துனது, ஊருணிக்கு போட்ட கண்டிஷன், எல்லாத்தையும் போட்டோவோட அனுப்பி வைங்க. நீங்க அஜாக்கிரதையா விடலன்னு தெரிஞ்சா சத்தம் குறையும்.

இனியும் அடிபடும், அதனால இதையும் வச்சுக்கோங்க. காயத்த ஓடற தண்ணில சோப்பு போட்டு கழுவுங்க, காபிப்பொடி மஞ்சப்பொடி எதுவும் அப்பாதீங்க. கைய ஊனி விழுந்து முழங்கை வீங்குனா அட்டையோ ஸ்கேலோ வச்சு அசையாம துணில கட்டி ஆஸ்பத்திரிக்கு வாங்க, நாட்டுக்கட்டு வேணாம், இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்னு கையே விளங்காம போன புள்ளைக உண்டு. தலைல அடிபட்டு நினைவு தப்புனா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, எழுப்ப எழுப்ப தூங்குனா, மூக்கு காதுல தண்ணி மாதிரி வடிஞ்சா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. சீமைக்கருவேல முள்ளு குத்தி எடுத்ததுக்கு அப்புறமும் வாரக்கணக்கா வீங்கிக் கெடந்தா உள்ள துண்டு இருக்கும், எக்ஸ்ரேல பொதுவா தெரியாது, ஸ்கேன் பண்ணனும். நாய் கடிச்சாலோ பிராண்டுனாலோ 15 நிமிஷம் சோப்புத் தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்கு போங்க.

அடிபடற புள்ளைகளுக்கு டெட்டனஸ் தடுப்பூசி முக்கியம், பையனுக்கு 10 வயசுல அது சேந்த டிடி ஊசி ஒண்ணு இருக்கு, பொண்ணுக்கு 5, 6 வயசுல போடற டிபிடி பூஸ்டர்லயும் அது உண்டு, போட்டாச்சான்னு அட்டைய எடுத்துப் பாருங்க. சென்னைல இருந்து மாறி வர்ற அவசரத்துல பல புள்ளைகளுக்கு இது விட்டுப்போயிருக்கு. போடலைன்னா கவர்மெண்ட் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா போடுவாங்க, அட்டைய மறக்காம எடுத்துட்டு போங்க.